எந்த நாளின் சிவப்பு

பென்சில்வேனியா ரயில்ரோடு கம்பெனியின் சரக்குப் பெட்டி ஒன்று 1943 அக்டோபரில் என்ன நிறத்தில் இருந்தது? இதற்கு விடை உண்டா? உண்டென்றால் அந்த விடை இன்று எங்கே இருக்கிறது? பெட்டியை அறுத்து இரும்பு விலைக்குப் போட்டுப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அதற்குச் சாயம் அடித்த கைகள் இன்று இல்லை. அன்று அதைப் பார்த்தவர்களில் மிஞ்சியிருப்பவர்கள் அப்போது சிறு பிள்ளைகள். கம்பெனியே 1968 பிப்ரவரி 1ஆம் தேதி தன் பழைய போட்டியாளரான நியூயார்க் சென்ட்ரலோடு இணைந்து பெயரை இழந்தது. பார்த்த கண்களெல்லாம் மூடிய பிறகும் ஒரு நிறம் உண்மையாக நிற்கிறது என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றால், அந்த உண்மைக்கு நான் ஏதேனும் கடன்பட்டிருக்கிறேனா?

நான் பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஒரு பெயிண்ட் ஆய்வுக்கூடத்தில், நிறம் ஒப்பிடும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டின் நிலவறையில், பென்சில்வேனியாவின் ஆல்டூனாவுக்கு மேற்கே மலையேறும் ரயில் பாதையை 87இல் ஒரு பங்கு அளவில் அமைத்து வருகிறேன். 1854இல் திறந்த குதிரைலாட வளைவும் அதில் உண்டு. நாற்பதடிச் சரக்குப் பெட்டி இந்த அளவில் ஐந்தரை அங்குலம். தண்டவாளம் போடுவது, மலை எழுப்புவது, மரம் நடுவது எல்லாம் பிடிக்கும். ஆனால் பெட்டிகளுக்கு நிறம் சேர்க்கும்போதுதான் மனம் முழுதாக அதில் இறங்குகிறது. திருநெல்வேலியில் அப்பா நடத்திய சைவ சித்தாந்த வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து கேட்ட கேள்விகள் இந்த மேசையில்தான் என்னிடம் திரும்பி வந்து பதில் கேட்கின்றன.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கச் சரக்குப் பெட்டிகளில் பெரும்பாலானவை சிவப்புக்கும் பழுப்புக்கும் நடுவே ஏதோ ஒரு நிறத்தில் ஓடின. காரணம் விலை. இரும்பு ஆக்சைடு மண்ணிலேயே கிடைக்கிறது. பென்சில்வேனியாவில் லீஹை ஆறு மலையைப் பிளந்து வரும் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கல்லை வெட்டி அரைத்து ‘பிரின்ஸ் மெட்டாலிக்’ என்ற பெயரில் விற்றார்கள். ஆளிவிதை எண்ணெயில் குழைத்தால் பெயிண்ட் ஆயிற்று. வெயிலுக்கு வெளுக்காத, எளிதில் அழுக்குக் காட்டாத நிறமி. நம் கோயில் மதிலில் வெள்ளைப் பட்டைக்கு அடுத்து ஓடும் செங்காவிப் பட்டையின் சிவப்பும் இதே இரும்பு ஆக்சைடுதான். கல் எந்தச் சுரங்கத்தில் எடுத்தது, எவ்வளவு நைசாக அரைத்தது, உள்ளே எவ்வளவு களிமண் கலந்தது என்பதைப் பொறுத்து அது செங்கல் போலவும் வரும், ஈரல் நிறத்திலும் வரும்.

ஆகவே ஒரு கம்பெனி தன் பெட்டிகளெல்லாம் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்தால், அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். இந்த இடத்தில் ஒரு மனிதரைச் சொல்லியாக வேண்டும். சார்லஸ் பி. டட்லி. யேல் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகு, 1875இல் ஆல்டூனாவில் பென்சில்வேனியா ரயில் கம்பெனியின் வேதியியலாளராகச் சேர்ந்தார். ஒரு ரயில் கம்பெனிக்கு வேதியியலாளர் எதற்கு என்று பலரும் கேட்ட காலம் அது. தண்டவாள எஃகு, விளக்கு எரிக்கும் எண்ணெய், மசகு எண்ணெய், பெயிண்ட் என்று கம்பெனி வாங்கும் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் தர விதி வகுத்தார். இன்று உலகெங்கும் தொழிற்சாலைகள் பார்க்கும் ஏஎஸ்டிஎம் தரங்களின் தொடக்கம் 1898இல் அவரும் தோழர்களும் கூட்டிய அமைப்பு. நான் பணிக்காலம் முழுவதும் கையில் வைத்திருந்த விதிப் புத்தகங்களின் வேர் ஆல்டூனாவில் இருக்கிறது என்பது எனக்குப் பெருமையான விஷயம்.

பென்சில்வேனியா கம்பெனி தன் பெட்டிகளின் நிறத்துக்கு வேறு அலங்காரப் பெயர் எதுவும் வைக்கவில்லை. ‘சரக்குப் பெட்டி நிறம்’ என்பதே பெயர். அதற்கு ட்ரிஃப்ட் கார்டு உண்டு: அட்டையில் பூசிக் காயவைத்த மாதிரி. வந்து இறங்கும் பெயிண்டைச் சோதிப்பவர் கொஞ்சம் பூசிப் பார்த்து, அட்டையோடு ஒட்டி வைத்து, சரி, இல்லை என்று தன் கண்ணால் முடிவு செய்வார். அந்த அட்டைகளில் சில இன்றும் ரயில் வரலாற்று ஆர்வலர்களிடம் இருக்கின்றன. அப்படியானால் சிக்கல் தீர்ந்தது, அட்டையைப் பார்த்துக் கலந்துவிடலாமே என்று தோன்றும்.

ஆளிவிதை எண்ணெயின் குணம் தெரிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. அந்த எண்ணெய்ப் படலம் இருட்டில் வைத்தால் மஞ்சளாகும். வெளிச்சத்தில் வைத்தால் அந்த மஞ்சள் பெருமளவு திரும்பப் போகும். உறைக்குள், டிராயருக்குள் எண்பது வருஷம் பத்திரமாகக் காத்த அட்டை, காத்த காரணத்தாலேயே மாறியிருக்கிறது. ஜன்னலோரம் மாட்டியிருந்தால் வேறு விதமாக மாறியிருக்கும். மாறாத ஒரு சாட்சியாக இருக்கட்டும் என்றுதான் அட்டையைச் செய்தார்கள். அந்தச் சாட்சிக்கும் வயதாகிறது.

இன்னொன்றும் உண்டு. அட்டை சரியாகவே இருந்தாலும் அது பெட்டியின் நிறத்தைச் சொல்லாது. பீப்பாயைத் திறந்த நாளின் நிறத்தைச் சொல்லும். பெட்டி வெளியே போன பிறகு எண்ணெய் வெயிலில் சிதைகிறது. நிறமித் துகள்களைப் பிடித்து வைக்க எண்ணெய் இல்லாமல் போகும்போது, மேற்பரப்பு பொடியாக உதிரத் தொடங்கும்; விரலால் தடவினால் செம்மாவு ஒட்டும். பொடிந்த பரப்பு ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் நிறம் வெளிறி, ஒரு ரோஜாச் சாயலோடு தெரியும். ஒரு ரயில் அருங்காட்சியகத்தின் பின்புறம், சீரமைப்புக்குக் காத்து நின்ற நிலக்கரி ஏற்றும் ஹாப்பர் பெட்டி ஒன்றில், அனுமதி கேட்டு, ஈரத்துணியால் உள்ளங்கை அகலத்துக்குத் துடைத்துப் பார்த்தேன். வெளிறிய பரப்பில் ஈரம் பட்ட இடம் மட்டும் ஆழ்ந்த சிவப்பாக எழுந்தது. காய்ந்ததும் போய்விட்டது. இரும்பு ஆக்சைடு எங்கும் போகவில்லை, வெளுக்கவும் இல்லை. ஒளி நுழைந்து திரும்பும் வழிதான் கெட்டிருந்தது.

துடைத்த இடத்தில் தெரிந்ததுதான் உண்மை நிறம், மற்றது மேலே படிந்த மறைப்பு என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சித்தாந்தம் படித்த வீட்டில் வளர்ந்தவளுக்கு அது இயல்பு. செம்பில் களிம்பு போல உயிரில் ஆணவம் என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். களிம்பு போனால் செம்பு பொன்னாகும். நாம் தேட வேண்டியது களிம்புக்கு அடியில் உள்ளதை. உயிரைப் பற்றி அந்த உவமையை நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் அதைப் பெட்டிக்குக் கொண்டுவந்து பொருத்துவது தவறு என்று அந்த ஹாப்பர் முன்னால் நின்றபோதே தெளிவாகத் தெரிந்தது. பெட்டிக்கு வீடுபேறு என்று ஒன்று இல்லை. சாயப்பட்டறையை விட்டு அது புறப்பட்டதே புகைக்கும் வெயிலுக்கும் நிலக்கரித் தூளுக்கும் நடுவே உழைக்கத்தான். 1943இல் அமெரிக்கா போரில் இருந்தது. பெட்டிகளுக்கு ஓய்வே இல்லை. மலைச்சரிவில் முன்னால் இரண்டு, பின்னால் தள்ள இரண்டு என்று நீராவி எஞ்சின்கள் கரியை வாரி இறைத்தன. அந்தக் கரியைக் கழுவிவிட்டு உள்ளே இருப்பதுதான் நிஜம் என்றால், பெட்டி செய்த வேலையை நிஜமில்லை என்று சொன்னதாகிறது. கண்காட்சிகளில் புத்தம் புதிதாகப் பளபளக்கும் மாதிரிப் பெட்டிகளைப் பார்க்கும்போது எனக்குள் வருத்தம் எழுவது இதனால்தான்.

இந்தியத் தத்துவத்தில் நிறத்தை வைத்து நடந்த ஒரு பழைய வழக்கு உண்டு. பச்சை மண்ணால் வனைந்த கறுத்த பானை சூளைக்குள் போகிறது. சிவந்து வெளியே வருகிறது. சிவந்தது எது? வைசேடிகர்கள் சொன்னார்கள்: தீயின் வேகத்தில் பானை அணு அணுவாகப் பிரிந்துவிடுகிறது, கருமை அணுக்களிலேயே அழிந்து, செம்மை அணுக்களிலேயே பிறந்து, அவை மறுபடி கூடிப் புதுப் பானை ஆகிறது. ஆகவே வெளியே வந்தது வேறு பானை. இதற்குப் பீலுபாகம் என்று பெயர். நையாயிகர்கள் மறுத்தார்கள்: பானை முழுதாக நின்றபடியே வேகிறது, தீ நுண்துளைகள் வழியே புகுந்து கருமையை நீக்கிச் செம்மையை உண்டாக்குகிறது. வெளியே வந்ததைப் பார்த்து, இது நான் வைத்த அதே பானை என்று குயவன் அடையாளம் காண்கிறானே, அது பொய்யா? இது பிடரபாகம். மணிமேகலை சமயக் கணக்கர்களிடம் கேட்டறிந்த கொள்கைகளில் வைசேடிகமும் ஒன்று என்பதால், தமிழ் வாசகருக்கு இந்தப் பெயர்கள் புதிதல்ல.

வகுப்பில் இதைக் கேட்டபோது, பானையைப் பற்றி இவ்வளவு சண்டையா என்று பிள்ளைகள் நெளிவோம். இப்போது எனக்கு இதைவிட அவசரமான கேள்வி குறைவு. அந்த இரு தரப்பும் எதில் வேறுபட்டார்கள் என்பதை விட, எதில் ஒன்றுபட்டார்கள் என்பதுதான் என் மேசைக்கு வேண்டியது. நிறம் என்பது வெறும் தோற்றம், அதைப் பற்றி மெய் பொய் பேச முடியாது என்று இருவரும் சொல்லவில்லை. நிறம் ஒரு குணம். ஒரு பொருளில் அது தோன்றுகிறது, நிற்கிறது, அழிகிறது. அதன் இடத்தில் இன்னொன்று தோன்றுகிறது. கருமையும் மெய், செம்மையும் மெய். இரண்டுக்கும் காலம் வேறு. பானை என்ன நிறம் என்று மட்டும் கேட்டால் கேள்வியே முற்றுப்பெறவில்லை. சூளைக்கு முன்னா, பின்னா?

சரக்குப் பெட்டி இந்தப் பாடத்தைத் தன் உடம்பிலேயே எழுதி வைத்திருந்தது. ஒவ்வொரு பெட்டியின் வெற்று எடையையும் பக்கவாட்டில் ஸ்டென்சிலில் எழுதுவார்கள். மழை, ஒட்டுவேலை, தேய்மானம் இவற்றால் எடை மாறும் என்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி நிறுத்து, பழைய எண்ணைப் பெயிண்டால் மூடி, புது எண்ணையும் நிறுத்த இடத்தின் குறியீட்டையும் மாதம் ஆண்டையும் எழுத வேண்டும். அந்தக் காலப் படங்களை உற்றுப் பாருங்கள்: வெளிறி அழுக்கேறிய பக்கத்தில், எடை எழுதிய இடத்தில் மட்டும் ஒரு நீள்சதுரம் அடர்ந்த நிறத்தோடு இருக்கும். அதே கம்பெனி, அதே பெயர் கொண்ட பெயிண்ட், ஒரே இரும்புத் தகடு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நிறம். பெரிய நிறம் பெட்டி கடைசியாகச் சாயம் கண்ட ஆண்டைச் சொல்கிறது. சின்ன நிறம் தன் தேதியைத் தானே தன் மேல் தாங்கி நிற்கிறது. இவற்றில் எது ‘சரக்குப் பெட்டி நிறம்’ என்று யாராவது கேட்டால், இரண்டும்தான். இரண்டுக்கும் தேதி போட்டுக் கேளுங்கள் என்பேன். இந்த ஒட்டுச் சதுரத்தை வரைவதில் எனக்கு உள்ள ஆர்வத்தை நண்பர்கள் அறிவார்கள். ஒரு பெட்டியில் அதைச் சரியாக வைத்துவிட்டால், அந்த ஐந்தரை அங்குலத்துக்குள் காலம் வந்துவிடுகிறது.

சரி, தேதியைச் சொல்லியாயிற்று. அந்தத் தேதியின் நிறத்தை எதை வைத்து அறிவது? அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவை இயலில், அறியும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கடைசியில் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறார். கடவுளை அறிவதற்கான முன்னேற்பாடாக 13ஆம் நூற்றாண்டில் எழுதிய பகுதி அது. ஒரு பழைய பெயிண்டை அறிவதற்கு அதைவிடப் பொருத்தமான வழிகாட்டி எனக்குக் கிடைக்கவில்லை.

காண்டலுக்கு அட்டையும் மிஞ்சிய பெட்டிகளும் உண்டு. அட்டையின் கதையைச் சொன்னேன். மிஞ்சிய பெட்டியில், பின்னாளில் அடித்த பெயிண்ட் அடுக்குகளை வட்டமாகத் தேய்த்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கலாம். கைப்பிடிக் கம்பியின் அடியில், தகடுகள் மடங்கும் இடத்தில், வெயில் படாத பழைய பூச்சு கிடைக்கும். பெரிய பாக்கியம்தான். ஆனால் அதுவும் இருட்டில் இருந்த எண்ணெய்.

கருதலுக்குப் புகைப்படம். கறுப்பு வெள்ளைப் படம்தானே, அதில் நிறம் ஏது என்று தள்ளிவிடக் கூடாது. பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் சிவப்பை உணராது. சிவப்புப் பெட்டி அதில் கிட்டத்தட்ட கறுப்பாக விழும். பின்னால் வந்த பான்குரோமாட்டிக் ஃபிலிமில் அதே பெட்டி சாம்பலாகத் தெரியும். எந்த ஃபிலிம் என்று தெரிந்தால், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரு பெட்டிகளில் எது மேலும் சிவப்பு என்று கருதி அறியலாம். வண்ணப்படம் வேண்டுமென்றால் ஜாக் டெலானோவிடம் போக வேண்டும். உக்ரைனில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். அரசின் போர்க்காலச் செய்தித் துறைக்காக 1942 கடைசியிலும் 1943லும் சிகாகோவின் ரயில் முனையங்களைக் கோடாக்ரோம் ஃபிலிமில் படம் பிடித்தார். கோடாக்ரோம் இருட்டில் வைத்தால் மிக நன்றாக நிலைத்து நிற்கும் ஃபிலிம், எண்ணெய்க்கு நேர் எதிர். அந்தப் படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. சிகாகோ அண்ட் நார்த்வெஸ்டர்ன் கம்பெனியின் ப்ரோவிசோ யார்டை அவர் மேலிருந்து எடுத்த படத்தை நான் எத்தனை நேரம் பார்த்தாலும் அலுப்பதில்லை. பல கம்பெனிகளின் பெட்டிகள் கலந்து நிற்கும் வரிசைகளில் இத்தனை பழுப்புகளா, இத்தனை சிவப்புகளா! புகை, குளிர்கால வெயில், நடுவே புதிதாகச் சாயம் கண்ட ஒன்றிரண்டு. ஒரே நிறம் என்ற எண்ணத்தையே அந்த ஒரு படம் கலைத்துவிடும். ஆயினும் கோடாக்ரோமுக்கும் தன் சாய்வு உண்டு, அன்றைய வானத்துக்கும் உண்டு. அதையும் கழித்துத்தான் கருத வேண்டும்.

உரைதான் கடினம். ஆல்டூனா பக்கத்துப் பெரியவர் ஒருவர், சிறுவனாக அந்தச் சரிவில் உட்கார்ந்து ரயில் பார்த்தவர், என் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்து, இதைவிடச் சிவப்பாக இருக்கும் அம்மா என்றார். பழகிய பொருள்களின் நிறம் நினைவில் நிஜத்தைவிடச் செறிவாக நிற்கும் என்பதை நிற ஆய்வாளர் பார்ட்லசன் 1960இலேயே சோதித்துக் காட்டினார். என் தொழிலறிவு அந்தப் பெரியவர் சொன்னதை அப்படியே ஏற்காதே என்கிறது. ஆனால் அளவை நூல் உரையைத் தள்ளவில்லை. யாருடைய உரை என்று கேட்கிறது. வளைவில் ரயில் திரும்பும்போது மாலை வெயில் பக்கவாட்டில் அடித்து, சில பெட்டிகள் மட்டும் பற்றி எரிவது போலத் தெரியும் என்று அவர் சொன்னார். எந்த அட்டையும் எனக்கு அதைச் சொல்லியிருக்க முடியாது. அவர் பார்த்தது நிறத்தின் எண் மதிப்பை இல்லை, ஒரு நேரத்தை. என் மாதிரிப் பாதையின் மேற்குப் பக்கத்து விளக்குகளைத் தாழ்த்தி மஞ்சளாக மாற்றியது அவர் சொன்ன பிறகுதான்.

இந்த வேலையில் இன்னும் ஆழமான ஒரு பிளவு உண்டு. ஆல்டூனா பட்டறையின் பெயிண்டே ஒரு குப்பி அப்படியே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கெடாமல், மாறாமல். அதை எடுத்து என் பெட்டிக்கு அடித்தால் என்ன ஆகும்? தவறாகத் தெரியும். நேர் வெயிலின் ஒளி சுமார் ஒரு லட்சம் லக்ஸ். என் நிலவறையில் சில நூறு. அதோடு, மாதிரியை இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் அது நிஜ உலகில் 174 அடி தள்ளி நிற்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் புழுதியும் புகையும் கொண்ட காற்று நிறத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கும். பட்டறை நிறத்தை அப்படியே அடித்த மாதிரிப் பெட்டி, கரிக்கட்டையாகத் தெரியும். பொருளுக்கு உண்மையாக இருந்தால் பார்வைக்குப் பொய். பார்வைக்கு உண்மையாக இருக்க வேண்டுமென்றால் பெயிண்டில் வெள்ளையும் கொஞ்சம் மஞ்சளும் கலந்து, பொருளுக்குப் பொய்யாக வேண்டும்.

இரண்டு கட்சிகளிலும் எனக்கு நண்பர்கள் உண்டு. பட்டறை நிறம்தான் அடிப்பேன், என் அறை வெளிச்சத்துக்காக வரலாற்றை வெளுக்க மாட்டேன் என்கிறவர்களிடம் ஒரு பக்தி இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனாலும் நான் மறுபக்கம். என் கடன் பெயிண்டுக்கா, அதைப் பார்த்தவருக்கா என்று கேட்டுக்கொண்டேன். பட்டறையில் கைக்கெட்டும் தூரத்தில் நின்றவர் ஒரு நிறத்தைப் பார்த்தார். சரிவில் உட்கார்ந்திருந்த சிறுவன் வேறொன்றைப் பார்த்தான். என் பாதையின் முன் நிற்பவர் 174 அடி தள்ளி நிற்கிறார். அவர் நிற்கும் இடம் சிறுவனுடையது. அந்த இடத்துக்கு உரிய உண்மையை அவருக்குக் கொடுப்பதுதான் நியாயம். பட்டறைக்காரரின் உண்மையைக் கொடுக்க வேண்டுமென்றால் நான் பெட்டியையே முழு அளவில் கட்ட வேண்டும்.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் தங்கை மகன் வரும்போதெல்லாம் இதில் என்னோடு வாதாடுவான். அவன் படித்தது கணினி, தத்துவவாதி லாக்கையும் படித்திருக்கிறான். “நிறம் பொருள்ல இல்ல பெரியம்மா, மூளைலதான் இருக்கு. பாத்த மூளையெல்லாம் போயாச்சு. அப்புறம் அந்த நிறமும் போயாச்சுதானே? நீங்க எதை அடிச்சா என்ன, யாருக்குத் தெரியப்போகுது?”

லாக் அவ்வளவு எளிதாக அவனுக்கு உதவமாட்டார். நிறம் என்பது நம்மில் ஓர் உணர்வை எழுப்பும் வல்லமை என்றுதானே அவர் சொன்னார். அந்த வல்லமை பொருளின் நுண்ணமைப்பில் இருக்கிறது என்றும் அவரே சொன்னார். இரும்பு ஆக்சைடு எந்த அலைநீளத்தை விழுங்கி எதைத் திருப்பும் என்பதை ஆய்வுக்கூடத்தில் நிதமும் வளைகோடாகப் பார்த்தவள் நான். அன்று அந்தப் பெட்டி, அன்றைய அழுக்கோடு, அன்றைய வெயிலைத் திருப்பிய விதம் ஒன்றே ஒன்றுதான். அதைப் பார்க்கக் கண் இருந்ததா, பின்னால் அந்தக் கண் மூடியதா என்பதால் அது நடக்காமல் போய்விடாது. நடந்தது நடந்தது. எனக்கு அது முழுதாக எட்டாது என்பது என் நிலைமை; அதன் குறை இல்லை.

அவனுடைய இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். யாருக்குத் தெரியப்போகிறது? செத்துப்போன ஒருவரைப் பற்றி நாம் பொய் சொன்னால் அவருக்குத் தெரியப்போவதில்லை. அதனால் அது தீங்கில்லை என்று நம் வீட்டில் யாரும் சொல்லக் கேட்டதில்லை. பதில் சொல்ல வர முடியாதவர் விஷயத்தில் நாம் கூடுதல் கவனமாகத்தான் பேசுவோம். ஆல்டூனாவில் ஸ்டென்சில் தகட்டைப் பிடித்து நின்றவர்கள், போர்க்காலத்தில் ஓய்வில்லாமல் பெட்டிகளைக் கோத்து அனுப்பியவர்கள், அவர்கள் பெயர் எந்த அட்டையிலும் இல்லை. அவர்கள் கை பட்ட பரப்பைப் பற்றித்தான் நான் ஒரு கூற்றுச் சொல்கிறேன். ஏர்பிரஷ்ஷில் நான் தெளிக்கும் ஒவ்வொரு பூச்சும் ‘இது இப்படி இருந்தது’ என்ற வாக்கியம். அந்த வாக்கியத்தை அசட்டையாகச் சொல்ல எனக்கு மனம் வராது. கடவுள் எல்லாவற்றுக்கும் சாட்சி என்று நம்புகிறவள் நான். அவர் அந்தப் பெட்டியையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்த வாதத்துக்கு அந்த நம்பிக்கை தேவைப்படவில்லை என்பதையும் அவனிடம் சொன்னேன். அவர் பார்க்காவிட்டாலும் கடன் கடன்தான்.

கிட்டத்தட்டத்தான் எட்ட முடியும் என்பதிலிருந்து எப்படியும் அடிக்கலாம் என்ற முடிவுக்குப் பலர் ஒரே தாவலில் போய்விடுகிறார்கள். அந்தத் தாவலில்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஃப்ளோக்வில் என்ற மாதிரி ரயில் பெயிண்ட் பல தலைமுறைக்கு வேதமாக இருந்தது; ‘பாக்ஸ்கார் ரெட்’ என்று குப்பியில் எழுதியிருந்தால் அதுவே முடிந்த முடிவு. 2013இல் அந்தப் பெயிண்டை நிறுத்திவிட்டார்கள். அன்று முதல் சிலர், இனி எல்லாம் ஊகம்தான், எது வேண்டுமானாலும் சரி என்று பேசத் தொடங்கினார்கள். குப்பியை நம்பியதும் இப்போது எதையும் நம்பாததும் ஒரே சோம்பலின் இரண்டு பக்கம். நடுவில் வேலை கிடக்கிறது. இரண்டு பழுப்புகளில் எது அந்தச் சிவப்புக்கு அருகில் என்று பெரும்பாலும் சொல்லிவிட முடியும். செங்கல் நிறம் இல்லை, சாக்லேட் நிறம் இல்லை, இவற்றுக்கு இடையில் இந்தப் பகுதி என்று எல்லை போட முடியும். எல்லை உள்ள அறியாமை, அறிவின் ஒரு வகை.

விளக்கையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். இரும்பு ஆக்சைடு மட்டும் கொண்ட சிவப்பும், வேறு நிறமிகளைக் கூட்டி அதே போலச் செய்த சிவப்பும் பகல் வெளிச்சத்தில் இரட்டைப் பிள்ளைகளாக இருந்து, குழல் விளக்கின் கீழ் பிரிந்து நிற்கும். ஆய்வுக்கூடத்தில் இதை மெட்டாமெரிசம் என்போம். ஆகவே நான் கூடியவரை இரும்பு ஆக்சைடையே அடிப்படையாக வைத்துக் கலக்கிறேன். வெளிச்சம் மாறும்போது என் பெட்டியும் நிஜப் பெட்டி மாறியிருக்கக்கூடிய திசையிலேயே மாறட்டும் என்பதற்காக.

இப்போது மேசையில் இருப்பது எக்ஸ்29 வகைப் பெட்டி. 1924 முதல் பென்சில்வேனியா கம்பெனி ஆயிரக்கணக்கில் கட்டிய எஃகுப் பெட்டி. இதற்கு நான் தீர்மானித்திருக்கும் வாழ்க்கை: முப்பதுகளின் நடுவில் கடைசியாகச் சாயம் கண்டது, 1942இல் எடை பார்த்தது. பக்கத்துக்கு வெளிறிய கலவை, எடைச் சதுரத்துக்கு அடர்ந்த கலவை, கூரைக்குக் கரி. என் பெட்டிகள் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு காகிதம் ஒட்டுவது வழக்கம். எந்த மாதம், எவ்வளவு தூரத்துப் பார்வை, எது கண்டது, எது கருதியது, எது ஒருவர் சொல்லக் கேட்டது, எது என் ஊகம் என்று பிரித்து எழுதுவேன். இதில் பக்கத்து நிறத்துக்கு ஆதாரம் உண்டு. சதுரத்தின் அளவுக்குப் படம் உண்டு. அது எவ்வளவு அடர்த்தியாக இருந்தது என்பது ஊகம்; அப்படியே எழுதிவிட்டேன். அதற்கு நேராகக் கலவையில் சேர்த்த நிறமிகளின் எடை விகிதத்தையும், எந்த விளக்கின் கீழ் பார்த்து ஒப்பிட்டேன் என்பதையும் குறித்திருக்கிறேன். யாரிடமாவது ஒரு கோடாக்ரோம் ஸ்லைடு இருந்து நான் எழுதியது தவறென்று காட்டினால், எந்த வரியை அடித்து எதை மாற்றிக் கலக்க வேண்டும் என்று என்னைக் கேட்காமலே அவருக்குத் தெரிய வேண்டும்.